சீலிங்குக்கு மேலே ஒரு குண்டு பல்பு

ஜூலை 15, 2025 — செவ்வாய்

வேங்கிக்காலில் கணக்கு வாத்தியார் இளவரசன் சார் வீட்டு வேலை. புது ஹாலில் எட்டு எல்இடி பல்பு, சுவரில் பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்த வட்ட டிம்மர். வெளிச்சத்தைக் குறைத்தால் எட்டும் சிமிட்டுகின்றன. அணைத்தாலும் முழுசாக அணையாமல் மினுக் மினுக் என்கின்றன. "பல்பு டூப்ளிகேட்டா மணி?" என்றார். பல்பு நல்ல பல்புதான். ஜோடிதான் சேரவில்லை. அந்த டிம்மர் குண்டு பல்பு காலத்தது, நாற்பது வாட்டாவது இழுத்தால்தான் ஒழுங்காக ஓடும். இந்த எட்டும் சேர்ந்தே இருபத்துநாலுதான்.

எல்இடிக்கான டிம்மர் வேண்டும், பல்பு அட்டையிலும் டிம்மபிள் என்று போட்டிருக்க வேண்டும், சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். ஆடி பிறப்பதற்குள் மகளுக்கு நிச்சயம், அதுவும் நாளைக்கே என்கிறார். வேறு வழி? என் கைவேலையைக் காட்டினேன். அதே இணைப்பில் ஒரு அறுபது வாட் குண்டு பல்பு, சீலிங்குக்கு மேலே, யார் கண்ணுக்கும் தெரியாமல். டிம்மருக்கு வயிறு நிறைந்தது, சிமிட்டல் நின்றது. சார் கை கொடுத்தார்.

இது ஐந்தாவது இடம். மற்ற எலக்ட்ரீஷியன்கள் மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கட்டும்.

ஜூலை 18 — வெள்ளி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு ராமகிருஷ்ணன் சார் போன் செய்தார். செங்கம் ரோட்டில் அவருடைய கெஸ்ட் ஹவுஸ். தியான ஹாலில் புகை, உடனே வா என்றார். போனால் ஹால் முழுக்கத் தண்ணீர். உள்ளே உட்கார்ந்திருந்த எட்டுப் பேர் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்திருக்கிறார்கள். ஆடி முதல் வெள்ளி என்று அங்கே வேலை செய்யும் தனம் தட்டு நிறைய சாம்பிராணி போட்டிருக்கிறாள். அந்தப் புகையில் சீலிங்கிலிருந்து வந்த புகையை முதலில் யாரும் கவனிக்கவில்லை. உயிருக்கு ஒன்றும் இல்லை. அதுவே பெரிய விஷயம்.

ஏணி போட்டு மேலே தலையை நீட்டினேன். பிளைவுட் ஒரு தோசைக்கல் அளவுக்குக் கரியாகி இருந்தது. நடுவில் என் பல்பு. சித்ரா பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வருவதற்கு முதல் நாள் அவசரத்தில் நான் வைத்த பல்பு. ஹோல்டர் உருகி வழிந்திருந்தது.

அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன்? யோசித்தா போட்டேன்? கை தானாகப் போட்டது.

கீழேயிருந்து சார் கேட்டார், "ஒயரிங்ல எதனா கோளாறா மணி?"

"ஒயர்ல ஒண்ணும் இல்ல சார்."

அது பொய் இல்லை. ஒயரில் ஒன்றும் இல்லைதான்.

உடனே அவர் தனத்தின் பக்கம் திரும்பிவிட்டார். சாம்பிராணித் தட்டை அலமாரி மேல் ஏற்றி வைத்தாய் என்றார். "தட்டு தரையிலதான் சார் இருந்துச்சு. மேல நான் வெக்கவே இல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணா, கீழ இருக்கற நெருப்பு அவ்ளோ ஒசரம் போய் புடிக்குமா?"

நான் ஏணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19 — சனி

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவி ரேவதியிடம் சொன்னேன்.

ஜூலை 21 — திங்கள்

தனத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷமாக அங்கே இருந்தவள். ரேவதி சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். வேறு இரண்டு இடத்தில் போய்க் கேட்டிருக்கிறாள். ஹாலைக் கொளுத்தினவள் என்று அதற்குள் அங்கெல்லாம் பேச்சு போய்விட்டது.

இதை இங்கேயாவது எழுதுகிறேன். இரண்டு நாளாக மனசு ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அந்த ஹாலில் எப்போதும் குறைந்த வெளிச்சம்தான் இருக்கும், அதில் என் பல்பு சூடே ஆகாது. வியாழக்கிழமை ஹாலைக் கழுவிவிடுவதற்காக டிம்மரை முழுசாகத் திருப்பியவள் தனம், ரேவதியிடம் அவளே சொன்னது. குறைக்க மறந்தவளும் தனம். அப்படியானால் தப்பில் பாதி அவளுடையது இல்லையா?

தரை தெரிவதற்காக வெளிச்சத்தைக் கூட்டினாள். அது ஒரு குற்றமா? மேலே என்ன இருக்கிறது என்று அவளிடம் யார் சொன்னது? நான் சொன்னேனா? யாரிடமாவது சொன்னேனா?

த்தூ.

ஜூலை 22 — செவ்வாய்

இளவரசன் சார் வீட்டிலும் மற்ற மூன்று இடங்களிலும் போய் பல்பைக் கழற்றினேன். "இப்ப திரும்பவும் சிமிட்டுதே?" என்றார் சார். சரியான டிம்மரும் பல்பும் வந்ததும் மாற்றித் தருகிறேன், அதுவரை சிமிட்டட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சூடு ஜாஸ்தி என்றேன். செங்கம் ரோட்டு நெருப்பைச் சொல்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஜூலை 26 — சனி

ரேவதியிடம் சொல்லிவிட்டேன். கரிந்த பல்பைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் உற்றுப் பார்த்தாள். பிறகு, "தெனமும் காலையில எனக்கு முன்னாடி கொடத்தோட நிக்கறா. 'நான் செய்யலக்கா'னு சொல்றா. நானும் 'ஆமாம்மா'னு சும்மா சொல்லிட்டு வந்தேங்க. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு அங்க போறது?" என்றாள்.

அவள் அழுதது எனக்காக இல்லை.

ஜூலை 28 — திங்கள்

ராமகிருஷ்ணன் சாரிடம் போனேன். பல்பை மேசை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மணி, சாம்பிராணியில புடிச்சுதுன்னா ஒரு ஆளோட அஜாக்கிரதை. ஆள மாத்திட்டோம், முடிஞ்சுது. கரண்ட்ல புடிச்சுதுன்னா அப்புறம் எவன் இங்க ரூம் எடுப்பான்? எடுத்துகிட்டு போ இத."

"அந்தப் பொண்ணு பேரு கெட்டுப்போச்சே சார்."

"அதுக்கு நானா பல்பு வெச்சேன்?"

பல்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 29 — செவ்வாய்

தனம் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பிலேயே நின்று சொன்னேன். என்னை மன்னிச்சிடும்மா என்றேன்.

களைக்கொத்தைக் கீழே போடவில்லை அவள்.

"நான் செய்யலனு எனக்குத் தெரியாதா? அத எங்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுங்க."

திரும்பிக் குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

பத்து நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது என் நெஞ்சு லேசாவதற்கு ஒரு வழி. அவளுக்கு வேண்டியது அது இல்லையே. நாற்பத்தேழு வயசில் இது உறைக்கிறது.

ஆகஸ்ட் 1 — வெள்ளி

செங்கம் ரோட்டின் ஒரு முனையிலிருந்து தொடங்கினேன். கெஸ்ட் ஹவுஸ், வாடகை ரூம், காபிக்கடை, ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேலை செய்கிறவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே சொன்னேன்: "அந்த ஹால்ல நெருப்பு புடிச்சது நான் வெச்ச பல்பால. தனம் மேல தப்பே இல்ல." பையிலிருந்த பல்பையும் எடுத்துக் காட்டினேன்.

ஒரு இடத்தில் குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தார்கள். ஒரு பாத்திரம் கழுவுகிற அம்மா, "ரெண்டு வாரம் எங்கப்பா போயிருந்த?" என்று கேட்டார். இன்று பதினான்கு இடம். சாயங்காலம் ராமகிருஷ்ணன் சார் போன் செய்து, இனி இந்தப் பக்கம் கால் வைக்காதே என்றார்.

ஆகஸ்ட் 4 — திங்கள்

மீதி ஒன்பது இடமும் முடிந்தது.

ஆகஸ்ட் 9 — சனி

பௌர்ணமி. ஊர் கொள்ளாத கூட்டம். மற்ற பௌர்ணமிகளில் இரண்டு நாளைக்கு முன்பிருந்தே போன் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த முறை ஒருவரும் கூப்பிடவில்லை. ரேவதி குழாயடியிலிருந்து வந்து, "இன்னிக்கி தனம் பேசினா" என்றாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23 — சனி

போக முகமில்லாமல் ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுவிட்டு, இன்று இளவரசன் சார் வீட்டில் சரியான ஜோடியை மாட்டினேன். ஏன் அன்றைக்குக் கழற்றினேன் என்பதையும் சொன்னேன். நிச்சயத்தன்று அந்த ஹாலில் இருபது குழந்தைகள் இருந்தார்கள் என்று மட்டும் சொன்னார். காபி வந்தது, அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

செப்டம்பர் 11 — வியாழன்

காலையில் புது நம்பரிலிருந்து ஒரு போன். தனம். ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் அறிவுமதி மேடம் நடத்தும் விடுதியில் மூன்று வாரமாக வேலை பார்க்கிறாளாம். அங்கே யோகா ரூமில் விளக்கு சிமிட்டுகிறது. "மேடம் வேற ஆளக் கூப்பிடலாம்னாங்க. நான்தான் உங்கள வரச் சொன்னேன்" என்றாள். இன்னும் அண்ணா இல்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

எல்இடிக்கான டிம்மர், அதற்குப் பொருந்துகிற ஆறு பல்பு, எல்லாம் என்னிடம் இருந்தன. இப்போதெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறேன். மாட்டி, அடி வரைக்கும் குறைத்துக் காட்டினேன். ஒரு சிமிட்டல் இல்லை. மேடம் திருப்தி என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் சீலிங் பலகையை மூட மேலே ஏறினேன்.

"மூடாதீங்க. எறங்குங்க" என்றாள் தனம்.

இறங்கினேன். மெயினை அணைத்துவிட்டேனா என்று கேட்டாள். அணைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போன் விளக்கைப் போட்டுக்கொண்டு அவளே ஏறினாள். தோள் வரைக்கும் சீலிங்குக்குள் போய்விட்டாள்.

"அந்த மூலையில கறுப்பா இன்னாது?"

"டேப்பும்மா. ஒயர் சேர்ற எடம்."

"இதுக்கு அந்தாண்ட?"

"ஒண்ணும் இல்ல. பாரு."

பார்த்தாள். ஒவ்வொரு மூலையாக வெளிச்சம் நகர்ந்தது. நான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவள் அவசரப்படவே இல்லை.