கழுவிய இரும்பு

சுற்று 212. ஊர் நேரம் காலை 7.10

வெள்ளிக் கோள். சிப்பி நிலையம். உயரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வெளியே வெப்பம் இருபத்தெட்டு பாகை. மூட்டம் நடுத்தரம். மிதவைப் பையில் கசிவு இல்லை.

ஓடம் மாட்டும் கொக்கி ஒன்று, இரண்டு, மூன்று கழுவியாயிற்று. நாலாவது கொக்கி தென்கோடியில் இருக்கிறது. அங்கே நடைமேடை இல்லாததால் கை எட்டாது. வழக்கம்போல விட்டுவிட்டேன்.

பெயிண்ட் இன்னும் வரவில்லை.

இதுவரை இந்த விவரங்களை வாயால் சொல்லிப் பதிந்துவந்தேன். இன்றுமுதல் எழுதுகிறேன். என் பெயர் தொம்மை. வயது அறுபத்தெட்டு. கண்ணாடிப் பலகையில் விரலால் எழுதினால் அது மேலே சுற்றிவரும் மேல்நிலையத்துக்கு உடனே போய்விடும். அங்கிருந்து எல்லா நிலையங்களுக்கும் போகும். யார் படிப்பீர்களோ தெரியாது. மெதுவாகப் படியுங்கள். நான் மெதுவாகத்தான் எழுதினேன்.

சுற்று 213. காலை 6.40

உயரம் அதே. மூட்டம் அதிகம். கொக்கிகள் மூன்றும், மேல் வளையமும் கழுவியாயிற்று.

நிலையம் என்பது ஒரு பெரிய பையும் அதன் கீழே தொங்கும் ஒரு வீடும்தான். காற்று எங்களைக் கோளைச் சுற்றி இழுத்துப்போகிறது. ஒரு சுற்றுக்கு ஊர்க் கணக்கில் ஏறக்குறைய நாலு நாள்; தலைப்பில் போடும் எண் நான் வந்த பிறகான சுற்றுக் கணக்கு. அதில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இங்கே மேகம் தண்ணீரால் ஆனதல்ல, கந்தக அமிலத்தால் ஆனது. கட்டும்போது இரும்பின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை இரண்டாம் வருடமே உரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னைப் போன்றவர்களைத் தேடினார்கள்.

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலுக்கு பெயிண்ட் அடித்தவன். அந்த வேலையில் முதலில் சுரண்ட வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், காயவிட்டு அடிக்க வேண்டும். உப்பைக் கழுவாமல் மேலே அடித்தால் ஒரே மாதத்தில் கொப்புளம் கிளம்பும். கழுவத் தெரியாதவனை எங்கள் துறைமுகத்தில் பெயிண்டர் என்று சொல்ல மாட்டார்கள்.

இங்கே கொண்டுவந்த பெயிண்ட் முதல் வருடமே தீர்ந்தது. அடுத்தது வரும் வரும் என்கிறார்கள். அதுவரை செய்ய முடிந்தது கழுவுவது மட்டும். அமிலத் துளியைக் காய்ச்சித்தான் தண்ணீர் எடுக்கிறோம். அதிகம் கிடைக்காது. என் குளியல் தண்ணீரில் பாதியை இரும்புக்குக் கொடுக்கிறேன். உடம்பு நாறினால் நாறட்டும், முகர்ந்து பார்க்க இங்கே யாரும் இல்லை.

முழங்கால் வலி. வெளியே போக அமிலத்துக்குப் போடும் உறைச்சட்டையைக் கழற்றவே அரை மணி நேரம் ஆகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

சுற்று 214. காலை 9.00

பவளம் நிலையத்திலிருந்து வந்த செய்தியை அப்படியே எழுதுகிறேன். பேசுவது கித்தேரி. வேம்பாறுக்காரி. வானொலியில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். ஊரில் எல்லா எந்திரமும் பேச்சைக் கேட்டே வேலை செய்தது. எழுதப் படிக்க எனக்கு அவசியமே வரவில்லை. இங்கே தனியாக இருந்தபோதுதான் ஆசை வந்தது.

கித்தேரி: "அண்ணே, ஒங்க பக்கத்தைப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வரிக்கு ஒரு மணி நேரமா? அதுக்குள்ள எங்க சூசை தாடி வளத்து எடுத்துட்டான்."

சூசை பவளத்தின் பறக்கும் ஓடத்தை ஓட்டுகிறவன். அவனும் குறுக்கே வந்தான்.

சூசை: "ஏ பெருசு, எம் பேரையும் எழுதும்வே. கொஞ்சம் நல்லவனாவே எழுதும்."

எழுதிவிட்டேன்.

இவர்களை நான் பார்த்ததில்லை. வானொலியில் குரல் மட்டும்தான் வரும். என் பெயரை நானே பலகையில் எழுதிப் பார்த்த நாளில் கித்தேரியிடம்தான் முதலில் சொன்னேன். அன்று இரண்டு முறை கழுவினேன், சும்மா சந்தோஷத்தில்.

சுற்று 215. காலை 11.20

கித்தேரி: "அண்ணே, பை கிழிஞ்சு போச்சு. தச்சுப் பாத்தாச்சு, நிக்கல. நாங்க கீழ எறங்கிட்டே இருக்கோம். ரெண்டு நாள் தாங்கும்ங்காங்க. அதுக்குக் கீழ போனா சூட்டுல வெந்துருவோம். நாங்க நாலு பேரும் ஓடத்துல ஒங்ககிட்ட வாறோம். ஒங்க கொக்கிதான் பக்கம். வேற எங்கயும் போய்ச் சேர எரிபொருள் கெடையாது."

நாலு பேர் என்றால் கித்தேரி, சூசை, பொறியாளர் இருவர். ஓடம் வந்து நிலையத்தின் அடியில் ஒரு கொக்கியில் மாட்டித் தொங்க வேண்டும். பிறகு ஏணி வழியாக மேலே ஏறலாம். கொக்கி தாங்காவிட்டால் ஓடம் கீழே போய்விடும். கீழே எதுவும் மிஞ்சாது.

வரச் சொன்னேன். கொக்கிகள் பளபளவென்று இருக்கின்றன என்றும் சொன்னேன்.

சுற்று 215. மாலை 5.15

அவர்கள் வருமுன் எடை போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது கொக்கிதான் மூன்றிலும் அழகு. அதில் அவசரத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாய்களைக் கட்டி ஒவ்வொன்றாக ஏற்றினேன். மொத்தம் ஓடத்தின் எடையில் கால் பங்கு இருக்கும்.

கொக்கி உடைந்தது. வளையவே இல்லை. முருங்கைக் குச்சிபோலப் பட்டென்று போனது. பீப்பாய்கள் மூட்டத்துக்குள் விழுந்தன. அவை எங்கும் போய் மோதிய சத்தம் வரவில்லை.

மிச்சமிருந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். உடைந்த இடம் கல்லுப்பு மாதிரி மினுமினுத்தது. கனமும் பாதிதான் இருந்தது.

ஒன்றாவது கொக்கியைச் சுத்தியலால் தட்டினேன். ஓட்டுத் துண்டுபோல ஒலித்தது. மூன்றாவதும் அப்படியே.

நீளமான தடியின் நுனியில் சுத்தியலைக் கட்டி, எட்டி எட்டி நாலாவதையும் தட்டினேன். சாம்பல் நிறத்தில், செதிள் செதிளாக, பார்க்கவே அருவருப்பாக இருக்கும் கொக்கி அது. அது கோயில் மணி மாதிரி ஒலித்தது.

சுற்று 215. மாலை 6.05

பேசியதை எழுதுகிறேன்.

கித்தேரி: "நாலாவதை மட்டும் ஏன் கழுவல அண்ணே?"

நான்: "எட்டல."

கித்தேரி: "எட்டாததுதான் முழுசா நிக்குது. என்னண்ணே இது?"

பக்கத்தில் பொறியாளரிடம் ஏதோ கேட்டாள். பிறகு சொன்னாள்.

கித்தேரி: "எங்க அண்ணன் அமில லாரி ஓட்டுனவன். கெட்டி அமிலம் இரும்பு டேங்கில சும்மா கெடக்கும்னு சொல்லுவான். உள்ள சாம்பலா ஒரு படிவு பிடிச்சுக்கிடுமாம், அதுவே காவலாம். டேங்கைக் கழுவுதேன்னு எவனாவது கொஞ்சம் தண்ணி விட்டுட்டா முடிஞ்சுது. படிவும் போயிரும், அமிலமும் நீர்த்துப் போயிரும். நீர்த்த அமிலம்தான் இரும்பைத் தின்னும்னு சொல்லுவான். இங்க பொறியாளர் தம்பியும் தலையை ஆட்டுதாரு. ஹைட்ரஜன் உள்ள போயி இரும்பை மொறுமொறுன்னு ஆக்கிருமாம்."

சூசை: "அப்போ குளிக்காதவனைத்தான் நம்பணும். அப்படிப் பாத்தா நான் நல்ல உறுதியான ஆளு பெருசு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு கித்தேரி சிரித்தாள். அதன் பிறகு நானும்.

வானொலியை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை சுற்று, இத்தனை தண்ணீர். உப்புக்குச் செய்ததை அமிலத்துக்கும் செய்திருக்கிறேன்.

சுற்று 216. மறுநாள் காலை 8.30

வருகிறார்கள். பவளம் இப்போது மிகத் தாழ்வில் இருக்கிறது. காத்திருக்க முடியாது.

நாலாவது கொக்கி காற்று மோதும் பக்கம் இருக்கிறது. சூசை ஓடத்தைத் திருப்பி, வால்பக்கமாக வர வேண்டும். எரிபொருள் ஒரே முயற்சிக்குத்தான். வழிகாட்டும் கயிற்றை நான் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். மூன்றாவது கொக்கியின் நடைமேடை ஓரத்தில் குப்புறப் படுத்து, தடியால் கயிற்றைத் தள்ளப் போகிறேன். இடுப்புக் கயிற்றைக் கைப்பிடியில் கட்டவில்லை, கைப்பிடியும் கழுவியதுதான். சுவரோரப் பெட்டியின் காலில் கட்டியிருக்கிறேன். பெட்டிக்கு அடியில் நான் கழுவியதில்லை.

சுற்று 216. மதியம் 1.50

சூசை: "பெருசு, கயிறு ஆடுது."

நான்: "காத்து ஆட்டுதுல்லா. நீ ஆடாம வா."

சூசை: "இன்னுங் கொஞ்சம் தெக்க தள்ளும். ஆங். அங்கயே. ஏ, அங்கயே இரும்வே!"

கித்தேரி: "மாதாவே."

மாட்டியது.

கொக்கி முனகியது. செதிள்கள் உதிர்ந்தன. நிலையம் முழுவதும் ஒரு முறை கீழே அமிழ்ந்து மேலே வந்தது. நாலாவது கொக்கி நின்றது. நான் படுத்தபடியே கிடந்தேன். ஓடத்திலிருந்து நடைமேடைக்குச் சாய்த்த ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர், இருவர், மூவர், நால்வர்.

சுற்று 216. மாலை 4.10

குரலை வைத்துக் கித்தேரியை உயரமான பெண் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வருகிறாள். முன்பல் ஒன்று இல்லை. வந்ததும் பலகையை வாங்கி என் எழுத்தைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டு முறை படித்தாள்.

கடைசிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கஞ்சி வைத்தேன். ஐந்து பேர் ஒரே மேசையில். சூசை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டான். இத்தனை சத்தத்தோடு சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. உடம்பெல்லாம் வலிக்கிறது, ஆனால் படுக்க மனமில்லை. இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருக்கிறது.

சுற்று 216. மாலை 4.45

சாப்பிட்டுக்கொண்டே கித்தேரி கூரைக் கண்ணாடி வழியாக மேலே பார்த்தாள். பையையும் வீட்டையும் சேர்க்கும் வளையம் அங்கே இருக்கிறது. வெளிச்சத்தில் அது வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும். என்ன இப்படி மின்னுகிறது என்று கேட்டாள். நான்தான் கழுவுகிறேன், ஒரு சுற்றுகூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் கை கஞ்சியிலேயே நின்றது.

அதற்குப் பிறகுதான் எனக்கும் புரிந்தது.

சுற்று 216. மாலை 6.30

சூசை மேலே ஏறி அளந்துவிட்டு வந்தான். எவ்வளவு இரும்பு மிச்சம் என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினான்.

ஓடம் மாட்டிய உலுக்கலில் வளையத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. ஓடத்தை அவிழ்த்துக் கீழே விட்டுவிட்டோம். எரிபொருள் இல்லாத ஓடம் பாரம் மட்டும்தான். மிச்சத் தண்ணீரையும் கொட்டிவிட்டோம். கட்டில், பெட்டிகள், அடுப்பு எல்லாம் போயிற்று. பொறியாளர் இருவரும் வளையத்தைச் சுற்றிக் கயிறு வரிந்துகொண்டிருக்கிறார்கள். கயிறு எத்தனை நாள் அமிலம் தாங்கும் என்று நான் கேட்கவில்லை.

என்மேல் யாரும் கோபப்படவில்லை. இரண்டு அடி போட்டிருந்தால் தேவலை.

சுற்று 216. மாலை 7.20

கித்தேரி எல்லா நிலையங்களையும் கூப்பிட்டாள். எங்களை எட்டும் தூரத்தில் எந்த ஓடமும் இல்லை. இங்கே ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பெயிண்டர் இருக்கிறான். எல்லாரும் எங்கள் துறைமுகத்து ஆட்கள். சங்கு நிலையத்திலிருந்து மிக்கேல் பதில் சொன்னான். அவனும் நானும் ஒரே சாரத்தில் தொங்கி வேலை பார்த்தவர்கள். அவனுக்கும் எழுத்து தெரியாது, நான் எழுதியதைப் படித்திருக்கவில்லை.

மிக்கேல்: "என்ன தொம்மை, எப்படி இருக்க? ஒரு கவலையும் படாத. இங்க வளையம், கொக்கி, படி எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன். மூஞ்சி பாத்துக்கிடலாம்."

நான் கித்தேரியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவன் நான்தான் என்று ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினாள். சொன்னேன்.

மிக்கேல்: "இங்க பதினோரு பேரு இருக்கோம்டா."



சுற்று 216. இரவு 8.05

மேலே ஒரு சத்தம். ஓடு விரிசல் விடுவதுபோல. கயிறு இழுபட்டு நிற்கிறது. பொறியாளர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் சுவரோடு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சூசை என் தோளில் சாய்ந்துகொண்டான். இப்போது மூக்கைப் பிடிக்கவில்லை.

இரவு 8.20

இன்னொரு சத்தம். இரண்டு கயிறு போயிற்று.

எழுதியது போதும், கையைக் கொடுங்கள் என்கிறாள் கித்தேரி. இடது கையைக் கொடுத்துவிட்டேன். வலது கையால் எழுதுகிறேன். பலகை சறுக்குகிறது.

மற்ற நிலையங்களில் இதைப் படிப்பவர்களே. வாளியைக் கீழே வையுங்கள். மேலே போய்ப் பாருங்கள். எந்த இடம் அசிங்கமாக இருக்கிறதோ அங்கே கயிற்றைக் கட்டுங்கள். சாம்பல் படிந்த இரும்பைத் தொடாதீர்கள். அது அழுக்கு இல்லை, அது