பாடத்தில் வரும் அம்மா

காசிமேடு
12.10.2008

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, உன் குரலைத்தான் தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறதே. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, போட்டில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று குதிக்கிறார், நான் விடவில்லை. தம்பி நிதிஷ் எண்ணூர் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், முதல் நாளே செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் பிறந்த நம்ம ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க நீ பேசி இன்டர்நெட்டில் போடுகிறாயே, அந்தப் பாட்காஸ்டை எதிர்வீட்டு மலர்க்கொடியின் மகள் வினிதா பிரவுசிங் சென்டரில் இறக்கி செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். உடனே மலர்க்கொடி என்னைக் கூப்பிட்டு, எக்கா, உம் பொண்ணு தெனிக்கும் எங்க வூட்ல பேசிக்கினு கீதுன்னு பீற்றிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும், மலர்க்கொடிக்குத் தினமுமா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாப்பாட்டுப் பாடத்தில் அம்மாவாக ஒருத்தி வருகிறாளே, உன் பக்கத்து பிளாட் குணசுந்தரி ஆன்ட்டிதானே அது? அவள் சாப்பிட்டாயா கண்ணே என்று கேட்டால் தோசை, தேங்காய்ச் சட்னி, அப்புறம் ஒரு வாழைப்பழம் என்று அம்மா அம்மா போட்டு உருகுகிறாய். போனில் நான் கேட்டால் ம், ஆச்சு, அவ்வளவுதான். என்ன சட்னி என்று எனக்கு என்றைக்காவது சொன்னாயாடி?

அதெல்லாம் நடிப்பு, கொயந்தைங்க கத்துக்க வாணாமா, இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறன்னு அப்பா கேட்கிறார். எனக்குத் தெரியாதா? நடிப்புக்கு ஓர் அம்மா வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாமே. என் பேச்சில் கீது, வூடு எல்லாம் வரும், பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நினைத்தாயோ? அந்தப் பேச்சில் திட்டித் திட்டித்தான் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை.

நேற்று மனசு கேட்காமல் மறுபடி போய் உட்கார்ந்து கேட்டேன். பாட முடிவில் நீ, அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா, பதில் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தாய். நீ என்னை அப்படிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! இன்னும் இல்லடி கண்ணு, இப்பத்தான் மீன் ஏலத்துலேர்ந்து வந்தேன், உங்க நைனாவுக்குக் கஞ்சி ஊத்திட்டுதான் சாப்டணும்னு வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மலர்க்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளைகள் அம்மா மாதிரி யோசித்துப் பதில் சொல்வதற்காக நீ விடுகிற நேரமாம் அது, வினிதா சொன்னாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, ஈரத்தலையோடு படுக்காதே. அங்காளம்மன் உன்னோடு இருப்பாள். உன் குரலுக்கு யார் கண்ணும் பட வேண்டாம், என் கண்ணும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்டியாம்மா என்று நீயே கேள். கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்குக் காத்திருக்கிற மாதிரி எனக்கும் கொஞ்சம் காத்திரு.

உன்னைப் பெற்ற அம்மா,
செல்லம்மா