டப்பிக்கு வானம் தெரியணும்

செப்டம்பர் 14, ஞாயிறு

பதிமூன்றாயிரம் அடியிலிருந்து தலைகீழாகக் குதித்தேன். காது அடைத்து, கன்னம் படபடத்து, இதுவரை போகாத வேகத்தில் போகிறேன் என்று உடம்பே சொன்னது. ஆனால் கணக்கில் நான் குதிக்கவே இல்லை.

லாகர் எழுதவில்லை. வேகக் குதிப்பில் நடுவர் என்று மேலே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஹெல்மெட்டின் பின்னால் மாட்டியிருக்கும் தீப்பெட்டி அளவு ஜிபிஎஸ் லாகர்தான் நடுவர். எந்த உயரத்தில், எவ்வளவு வேகத்தில் விழுகிறோம் என்று அது மெமரி கார்டில் எழுதிக்கொண்டே வரும். கீழே வந்து கம்ப்யூட்டரில் போட்டால்தான் மார்க்.

காலையில் தூறல். நனைந்துவிடுமே என்று அதை ஜாக்கெட்டுக்குள் பொத்தி வைத்திருந்துவிட்டு விமானத்துக்குள் ஏறிய பிறகு ஆன் செய்தேன். தகரக் கூண்டுக்குள் இருந்துகொண்டு அது எந்தச் செயற்கைக்கோளைப் பிடிக்கும்? சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பிடித்துவிடும் என்று நினைத்துக் குதித்துவிட்டேன். பாராசூட் விரிந்து மெதுவாக இறங்கும்போதுதான் பச்சை ஆகியிருக்கிறது. கோப்பில் இருப்பது அந்தக் கடைசி இறக்கம் மட்டும். கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டுவதைப் பார்க்காமல் தாம்பூலப் பை மட்டும் வாங்கி வந்த கதை.

பயிற்சியாளர் உலகநாதன் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மெஷின் எழுதலன்னா நீ குதிக்கலம்மா" என்றார்.

டிசம்பரில் வெளிநாட்டுப் போட்டிக்கு எங்கள் ஓசூர் கிளப்பிலிருந்து மூன்று பேர். மூன்று குதிப்புகளின் சராசரி வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதுக்கு அக்டோபர் 12 கடைசி. அதோடு மழைக்காலம், விமானம் கிளம்பாது.

ஓசூரிலிருந்து பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது. ஆடட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

லீவு போடவில்லை. திருமழிசை கம்பெனியில் எனக்குக் கியூசி, தரம் பார்க்கும் வேலை. சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து, குறை இருப்பதையெல்லாம் தனியே எடுத்துப் போட்டேன். பூபாலன், "இன்னா மாமே, இன்னிக்கு எல்லா போர்டையும் ஃபெயில் பண்ற, எவன் மேல கோவம்?" என்றான். அவனுக்கு நான் மாமே, அவன் எனக்கு மாமே. பக்கத்து மேஜையில் அவன்தான் நான் ஃபெயில் செய்கிற போர்டுகளைச் சரிசெய்கிறவன்.

என் மேலதான்டா கோவம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லாகரைக் குளிப்பாட்டும் நாள். உலர்ந்த துணியால் உடம்பைத் துடைத்து, மெல்லிய பிரஷால் சார்ஜ் போடும் வாயிலிருந்து தூசி தட்டி, பழைய கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் கார்டைக் காலியாக்கினேன். அவசரப்பட்டு உருவினால் கார்டு கெட்டுவிடும். அதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இருக்கிறது.

அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட் கிடந்த இடம் வந்ததும் அதைத் துடைப்பத்தாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எப்போதும் அப்படித்தான். நான் குதிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. ஓசூர் என்றால், "ஆபீஸ் வேலையா போயிருக்கா" என்று பக்கத்து குவார்ட்டர்ஸில் சொல்லிவிடுவாள்.

அம்மா வெள்ளானூர்க்காரி. வயல்வெளியில் வளர்ந்தவளுக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் ஓரம் நின்றாலே தலைசுற்றும். அவளுக்குப் போய் நான் பிறந்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கம்பெனியில் ஆயுதபூஜை. பொரி, கடலை, வாழைப்பழம். கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். என் லென்ஸுக்கு ஒரு பொட்டு, பூபாலனின் சால்டரிங் கோலுக்கு ஒரு பொட்டு. அவன் தன் நெற்றியிலும் ஒன்று வைத்துக்கொண்டு, "நானும் ஒரு மெஷினுதான்" என்றான்.

அக்டோபர் 1, புதன்

வீட்டில் பூஜை. குளித்துவிட்டு வந்தால் பலகையில் அப்பாவின் ஸ்பானர்கள், வெர்னியர் அளவுகோல், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை. ஃபேக்டரியில் வேலை செய்பவர் வீடு என்பதால் எங்களுக்குத் தீபாவளியை விட இதுதான் பெரிது. நடுவில் என்னுடைய ஹெல்மெட். பக்கத்தில் வாழையிலைத் துண்டின் மேல் லாகர். நாலு பக்கமும் சந்தனம், அதன் மேல் குங்குமம், தலையில் ஒரு சாமந்திப்பூ.

நான் வைக்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணால் அம்மாவைக் காட்டினார்.

அம்மா கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டே, "உன் சாமானும்தான கீது ஊட்ல" என்றாள். நாளைக்குப் பூஜை முடித்து எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். தொடவில்லை.

சந்தோஷமாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

சார்ஜ் ஏறவில்லை. சந்தனம் அந்தச் சின்ன வாய்க்குள் போய் ராத்திரியெல்லாம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நாலு பக்கமும்னா நாலு பக்கமும் வச்சிருக்கா. ஒரு பக்கம் போதாதா? வாய் இருக்கிற பக்கம்தான் வைக்கணுமா?

கத்தினேன். "உன்ன யாரு தொடச் சொன்னது? இத்தினி நாளா தள்ளித் தள்ளி விட்டியே, அப்டியே விட்ருக்க வேண்டியதுதான?" என்றேன். அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த துணியை எடுத்து மறுபடி துவைக்கும் சத்தம் கேட்டது.

நான் அதோடு விட்டேனா? பிரஷையும் ஸ்பிரிட்டையும் தேடப் பொறுமை இல்லாமல் ஊசியை எடுத்துக் குத்தினேன். சந்தனம் கொஞ்சம் உதிர்ந்தது. கூடவே உள்ளே இருக்கும் நாக்கும் வளைந்தது. தினமும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவள் செய்கிற காரியமா இது?

அப்பா அதிகம் பேசமாட்டார். சாப்பிடும்போது சொன்னார்: "அத எங்க வெக்கிறதுன்னு நேத்து காலைல எத்தினி தடவ இடம் மாத்துனா தெரியுமா? என் வெர்னியர ஓரமா தள்ளிட்டுதான் நடுவுல வெச்சா."

சந்தனம் பாதி, நான் பாதி. யாரைத் திட்டுவது?

அக்டோபர் 4, சனி

பூபாலன் லாகரைப் பார்த்துவிட்டு முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி கும்ட்ட மெஷினு. வாஸ்தவம்தான், ஆனா ஊசி உட்டது யாரு?"

"நான்தான்."

"நீ கியூசி. நல்லா கீது."

மதியம் ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்தான். பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தான். இரண்டு தடவை சரியாக ஒட்டவில்லை. மூன்றாவது தடவை ஒட்டியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு லென்ஸில் பார்த்தேன். பாஸ். சார்ஜ் விளக்கு எரிந்தது. பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது சொன்னான்: "பேட்டரிய கழட்டி மாட்னேன் மாமே. எந்தச் செயற்கைக்கோள் எங்க கீதுன்னு அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ திறந்த வெளில ரொம்ப நேரம் வானத்த காட்டு. இல்லாட்டி அங்க போய் முழிச்சிகினு நிக்கும்."

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மா மூன்று நாளாகப் பேசவில்லை. நானும்தான். காலையில் லாகரை அவள் முன்னால் வைத்து, "சரியாயிடிச்சும்மா. சந்தனத்தால மட்டும் இல்ல, நான் ஊசி வெச்சு குத்திக் கெடுத்தேன். கத்துனது தப்பு" என்றேன். இதைச் சொல்வது விமானக் கதவில் நிற்பதை விடக் கஷ்டமாக இருந்தது.

அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு கேட்டாள்: "இன்னாதான்டி பண்ணும் இந்த டப்பி?"

முதல் தடவையாகக் கேட்கிறாள். சொன்னேன். மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைத் தேடும், கிடைத்தால் பச்சை விளக்கு, கூரைக்குக் கீழேயும் மரத்துக்குக் கீழேயும் கிடைக்காது, இப்போது எல்லாம் மறந்துவிட்டதால் ரொம்ப நேரம் வெளியில் காட்ட வேண்டும். பச்சை வராமல் குதித்துவிட்டதால்தான் போன தடவை மார்க் போனது. ஆன் செய்யும் பொத்தானையும் காட்டினேன்.

"வானம் தெரியலன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கும். அப்ப உன்ன மாரிதான்" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும்.

அக்டோபர் 8, புதன்

மழை. திருமழிசையிலிருந்து வரும்போது நனைந்துவிட்டேன். லாகரை வெளியில் காட்ட வேண்டும் என்று நேற்றும் நினைத்தேன், இன்றும் நினைத்தேன். ஓசூரில் வெயில் அடிக்கிறதாம்.

அக்டோபர் 10, வெள்ளி

சாயங்காலம் பூந்தமல்லி பைபாஸில் பஸ். அலுவலகத்திலிருந்து அரைநாள் முன்பே வந்து மூட்டை கட்டினேன். லாகரைக் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா வாசல் பக்கமிருந்து வந்து நீட்டினாள். தலைமுடி ஈரம், மூச்சு வாங்கியது. "மாவு மிஷினுக்கு போயிகினு வந்தேன்" என்றாள். கையில் மாவுத் தூக்கு இல்லை. எனக்கு அவசரம், கேட்கவில்லை.

லாகர் ஆனில் இருந்தது. பொத்தானில் கை பட்டிருக்கிறது, சார்ஜ் வீணாகிறதே என்று சுர்ரென்று ஏறியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அணைத்துவிட்டு மறுபடி சார்ஜில் போடப் போனேன். போன வாரம் கத்தியதே போதும்.

சார்ஜ் போடும் வாயில் ஒரு சின்னப் பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் கத்தரித்து, சரியான அளவில். தையல்காரி.

"அடுத்த வருசப் பூஜைக்கு இப்பயே ஒட்டிட்டேன்" என்றாள்.

அக்டோபர் 11, சனி

நாள் முழுக்க மேகம். விமானம் தரையிலேயே நின்றது, நானும். லாகருக்கு வானத்தைக் காட்டவே இல்லை என்பது இங்கே வந்துதான் உறைத்தது. இந்த மேகத்தில் என்னத்தைக் காட்ட? மேகம் ஒன்றும் செய்யாது, கூரைதான் ஆகாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் பயந்தவளுக்கு எல்லாம் பயம்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் மேகம் கிழிந்தது. உலகநாதன் சார், "ஒரே ரவுண்டு, அவ்ளோதான் கிடைக்கும்" என்றார்.

ஓடுதளத்தின் நடுவில் போய் நின்று ஆன் செய்தேன். காத்திருந்து காத்திருந்து கால் வலிக்கும் என்று நினைத்தேன். உடனே பச்சை. நம்பவில்லை. அணைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் பச்சை. மறந்துபோன மெஷின் மாதிரி இல்லவே இல்லை. பூபாலன் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்து, ஜன்னலோரம் லாகரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே போனேன். கதவு திறந்தது. பச்சை. மாட்டிக்கொண்டு குதித்தேன். கையை உடம்போடு ஒட்டித் தலையைக் கீழே விட்டதும் காற்று கனமானது. கொஞ்சம் ஆடினாலும் வேகம் போய்விடும். ஆடவில்லை. பயமில்லை. பாராசூட்டை இழுத்ததும் வந்த அமைதியில் வாய்விட்டுச் சிரித்தேன்.

கீழே சார் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். கோடு ஏறி, நின்று, ஒரே சரிவாகக் கீழே வந்தது. எங்கும் அறுந்துபோகவில்லை. மணிக்கு முந்நூற்று எழுபத்தாறு கிலோமீட்டர்.

சார் மூன்றையும் கூட்டி, வகுத்து, பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் 3 என்று எழுதினார். மூன்றாவது இடம். "பாஸ்போர்ட் இருக்கா?" என்றார்.

வீட்டுக்கு போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். "பச்சை எரிஞ்சிச்சா?" என்றாள். எரிஞ்சிச்சும்மா என்றேன். மூன்றாவது இடம் என்பதை அப்புறம்தான் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

லாகரைக் குளிப்பாட்டும் நாள். பிளாஸ்டரை அலுங்காமல் எடுத்து, துடைத்து, கார்டைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோப்புகள் இருந்தன. அதற்கு முன்னால் இன்னொன்று, பெரியது. தேதி அக்டோபர் 10, வெள்ளி. நான் அலுவலகத்தில் இருந்த நேரம்.

வரைபடத்தில் போட்டேன். ஓசூர் இல்லை, ஆவடி. எங்கள் பிளாக்குக்கு எதிரே இருக்கும் மைதானம். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, மரங்களுக்கு அடியில் போகாமல் தள்ளித் தள்ளி ஒரு வட்டம். மறுபடி அதே வட்டம். மறுபடியும். அன்றைக்கு இங்கே தூறல். தலைமுடி ஈரம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கோடு நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நகர்ந்திருக்கிறது. என்ன இடம் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மைதானத்து மூலையில் இருக்கும் பிள்ளையார்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேகம் எழுதியிருக்கும் இடத்தைத் தேடினார். மணிக்கு மூன்று கிலோமீட்டர். "முழங்கால் வலி வெச்சிகினு இதே அதிகம்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னா ரெண்டு பேரும் அதையே பாத்துகினு கீறீங்க, சாப்ட வரலியா?" என்றாள். வரோம்மா என்றேன்.

குதிப்புக் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் கார்டைக் காலியாக்கினேன். அந்த ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. டிசம்பரில் என்னோடு அதுவும் மேலே வரட்டும்.