தண்ணிதான் வருதே

பிப்ரவரி 12, புதன்
ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூர் போனேன், கருத்தக்கண்ணன் அண்ணன் தோட்டத்துக்கு. போன பிறகு வேண்டாம் என்கிறார். "தண்ணிதான் வருதே தம்பி, எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு?" மண் கலங்கி வருகிறது, உள்ளே எங்கோ சரிகிறது என்று எம்புட்டோ சொன்னேன். கேட்கிற ஆளா அவர்?
கேமராச் சுருளைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது நெஞ்சு இறுகியது. கேஸ்தான். சோடா குடித்தேன்.

பிப்ரவரி 14
இன்றும் இறுக்கம். மனைவி முனீஸ்வரியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 16
சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தேன். நேரே மதுரையில் ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 17
ஆஞ்சியோ. இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயில் பாதி அடைப்பு. பாதிதானே! போன உயிர் திரும்பி வந்தது. மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தால், டாக்டர் சரண்யாதேவி விடவில்லை. "இதுல தெரியுறது ரத்தம் ஓடுற தடம் மட்டுந்தான். சுவரு எப்படி இருக்குன்னு தெரியாது. உள்ள மெல்லிசா ஒரு வயரை விட்டு, ஒளி அடிச்சுப் பாத்துருவோம்."
"நல்லாத்தான மேடம் இருக்கேன், எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு?" என்றேன்.
முனீஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஊரு பூராம் கேமரா விடச்சொல்லி மல்லுக்கட்டுற ஆளு பேசுற பேச்சா இது?"
கோபம் வந்தது. கோபமா — பயம்தான், வேறென்ன. உள்ளே ஏதாவது இருந்து தொலைத்தால்? சம்மதக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 18
மணிக்கட்டு வழியாக விட்டார்கள். வலி இல்லை. முழித்தபடியே திரையைப் பார்த்துக் கிடந்தேன். வட்ட வட்டமாக என் ரத்தக்குழாயின் உட்புறம். ஓரிடத்தில் டாக்டர் நிறுத்தினார். சுவரில் கொழுப்பு, அதை மூடியிருந்த சவ்வு வெங்காயத் தோல் மாதிரி, அதிலும் ஒரு கிழிசல், கிழிசலில் சின்ன ரத்தக்கட்டி. "பாதிதானன்னு அனுப்பியிருந்தா, இது எப்ப வேணாலும் மொத்தமா அடைச்சிருக்கும்ணே" என்றார்.
அகலம், நீளம் அளந்து ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை வைத்தார்கள். அத்தோடு விடவில்லை. மறுபடி உள்ளே பார்த்தார்கள். ஒரு முனை சுவரோடு ஒட்டாமல் நின்றது. பலூனால் விரித்துவிட்டு மூன்றாம் தடவையும் பார்த்தார்கள். அந்தம்மா வேலை சுத்தம்.

பிப்ரவரி 20
வீடு. முனீஸ்வரி ரசஞ்சோறு போட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்
ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் வேலை. கருத்தக்கண்ணன் அண்ணனே கூப்பிட்டிருந்தார். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கேமராவை இறக்கினேன். நூற்றெண்பது அடியில் மண் சரிந்து கிடந்தது. காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது வழியாவா விட்டாக?"
"ஆமாண்ணே."
"வலிச்சுச்சா?"
"இல்லண்ணே."
பிறகு மெதுவாக, "வரப்புல ஏறுனா எனக்கும் நெஞ்ச இறுக்குது தம்பி. ரெண்டு மாசமாச்சு. வீட்டுல சொல்லல" என்றார்.
கேமராவைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு, அவரை வண்டியில் ஏற்றினேன்.