அக்கா வீடு இருந்த கால்வாய்

மாப்ள,

இன்று காலை தறிச் சாமான் கொடுக்க ஆனையூர்ப் பக்கம் போயிருந்தேன். கண்மாய்க் கரையில் ஆகாயத்தாமரையை வாரிக் குவித்திருந்தார்கள். வெயில் ஏற ஏற அது அழுகும் நாற்றம் சாலை வரை வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் வண்டியை ஓரங்கட்டி நின்றேன். நீ எம்.எல்.ஏ.வாக இருந்த காலமெல்லாம் உன் சட்டையில் ஒட்டியிருந்த வாசனை அது. உன் காரில் ஏறினால் உனக்கு முன்னால் அதுதான் வந்து முகத்தில் மோதும். அதற்காக ஏங்குகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜெயித்த கையோடு, கழுத்தில் கிடந்த சால்வைகளைக்கூடக் கழற்றாமல் செல்லூரில் என் பட்டறைக்கு வந்தாய். "ஒனக்கு என்னடா வேணும், கேளு" என்றாய்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். மழை பேஞ்சா எங்க சந்துக்குள்ள தண்ணி வராமப் பண்ணு. அம்புட்டுத்தான்."

விசைத்தறிச் சந்து. ஐப்பசி மழைக்குச் சாக்கடையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே ஏறிவிடும். தறி மோட்டார் புகைந்து போகும், தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்து நாறும், தறிக்காரர்கள் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். உனக்கு முன்னால் இருந்தவர்கள் சாக்கடையைத் தூர்வாரச் சொல்வார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நீதான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாய். கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயைப் பிடித்து மேற்கே நடந்தாய். உன் பின்னால் நானும், அதிகாரிகள் சிலரும், முகம் சுளித்தபடி உன் கட்சிக்காரர்களும்.

ஆனையூர்ப் பக்கத்துக் கண்மாய் நிறைந்து வழியும் தண்ணீர் அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். வழியில் தகரச் செட்டுகள், காம்பவுண்டுச் சுவர்கள், ஒரு திருமண மண்டபத்தின் சமையற்கட்டு. ஒவ்வொன்றும் கால்வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்திருந்தது. கடைசியில் கால்வாயே இல்லாமல் போன ஓரிடத்தில், பச்சை வண்ணம் அடித்த ஒரு வீட்டின் பின்சுவர் வந்து நின்றது. உன் அக்கா வீடு.

அக்கா பின்வாசலைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்னடா பொறவாசல் வழியா வார? உள்ள வாங்க தம்பி" என்று என்னையும் சேர்த்துக் கூப்பிட்டது. எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தது. நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய். குடிக்கவில்லை.

அது சாதாரண வீடா மாப்ள? உன் அப்பனும் ஆத்தாவும் காலமெல்லாம் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். உங்கள் வம்சத்தில் எழும்பிய முதல் காரை வீடு அது. அத்தான் கொத்தனார். ஊரான் வீட்டையெல்லாம் கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் தன் வீட்டைக் கட்டினார். கால்வாய் என்று தெரிந்து வாங்கவில்லை. பிளாட் போட்டவன் பத்திரம் காட்டினான், பட்டா காட்டினான், வாங்கினார்கள். போதாததற்கு, உனக்கு ஓட்டுக் கேட்டுச் செருப்புத் தேய நடந்தவள் அக்கா.

சர்வேயர் அளந்துகொண்டு வந்தவர் அந்தச் சுவர் பக்கம் வந்ததும் சங்கிலியைக் கீழே போட்டார். "சார், இத விட்டுட்டு அடுத்ததப் பாப்பமா?" என்று மெல்லக் கேட்டார்.

"சங்கிலிய இழுங்க" என்றாய்.

திரும்பி வரும்போது காரில் நான் சண்டை போட்டேன். கடைசியாக இடிக்கச் சொல், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "மொதல்ல அக்கா வீடுதான் மாப்ள. இல்லேன்னா இன்னொருத்தன் வாசல்ல போயி நிக்க எனக்கு மூஞ்சி இருக்காது."

இடித்த அன்று அக்கா அழவில்லை. அத்தான் கட்டிய வீட்டை அத்தானே பார்க்க முடியாமல் எங்கேயோ போய்விட்டார். அக்கா மட்டும் நின்று, நிலைக்கதவை உடைக்காமல் பேர்த்தெடுக்கச் சொன்னது. நீ பக்கத்தில் போய், "என் வீட்டுக்கு வாக்கா" என்றாய்.

"ஒன் வீட்டுக்கு நான் வாரதுக்கு என் வீட்ட இடிக்கணுமாடா?"

அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தியது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு நீ அலைந்து திரிந்து மாற்று வீடு வாங்கிக் கொடுத்தாய். அக்கா அதைத் தொடவில்லை. நிலைக்கதவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்குள் கதவை வைக்க இடமில்லை. சந்தில் சுவரோரமாகச் சாத்தி, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வரவில்லை. தாய்மாமன் நீ. மாமன் சீர் இல்லாமலே கல்யாணம் நடந்தது. அன்று நீ கண்மாயில் இருந்தாய். காலேஜ் பிள்ளைகளோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாய். கரையேறி வா, டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டேன். நீ சேற்றுக் கையோடு நின்று, "இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க மாப்ள" என்றாய். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டாய். நான் கரையில் நின்று டீயை ஆற விட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. நான் மோட்டாரையெல்லாம் கழற்றி மேலே தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் வரவில்லை. கால்வாய் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. சந்துக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. உனக்குப் போன் போட்டு, "தண்ணி வரல மாப்ள" என்றேன். "சரி, தறிய ஓட்டச் சொல்லு" என்றாய்.

டீக்கடையில் ஒருவன், "இந்த வருசம் மழை கம்மிதான் போல" என்றான். நான் அவனிடம் சண்டைக்குப் போய்விட்டேன். நீ கேட்டுவிட்டுச் சிரித்தாய். "வராத தண்ணிய யாருடா ஞாபகம் வச்சுக்குவா?" என்றாய்.

வைத்துக்கொள்ளவில்லைதான். செட்டை இழந்தவர்களும், அடுத்து தன் சுவர்தான் என்று பயந்தவர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். அடுத்த தேர்தலில் கட்சி உனக்கு சீட்டுக் கொடுக்கவில்லை. பதவி போன பிறகும் முதியோர் பென்சனுக்கு அலைகிற கிழவிகளைத் தாலுகா ஆபீசுக்கு உன் டூவீலரில் ஏற்றிக்கொண்டு போவாய். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் அப்போதும் உனக்குத்தான் போன் வரும். காரில் போன நாட்களில் கும்பிட்டவர்கள், டூவீலரில் போனபோது வேறு பக்கம் பார்த்தார்கள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவைப் பற்றியும் பேசவில்லை. பழங்காநத்தம் பக்கம் வேலை வந்தால் மட்டும் என்னைப் போகச் சொல்வாய்.

பிறகு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

உன்னைக் கிடத்தியிருந்தபோது அக்கா வந்தது. பந்தலுக்குள் வரவில்லை. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "பாத்துட்டேன் தம்பி. போறேன்" என்று திரும்பி நடந்தது. அங்கிருந்து பார்த்தால் உன் கால்மாட்டுப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், போன மாதம் அக்கா வீடு இருந்த அதே இடத்தில் யாரோ அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். குடோன் கட்டப் போகிறார்களாம். நான் மனுக் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். மறுபடி போனேன். அந்த ஆள் லீவு என்றார்கள். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பழங்காநத்தம் போய் அக்காவிடம் சொன்னேன். உதவி கேட்டுப் போகவில்லை. சொல்லி அழ ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கேட்டு முடித்ததும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடு" என்றது.

போய் இறங்கியதும் தோண்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மேஸ்திரி பதறி முதலாளியைக் கூட்டிவந்தான். "ஏம்மா, இது பட்டா எடம்மா" என்றார் அவர்.

"பட்டா எங்கிட்டயும் இருந்துச்சுய்யா. இது கால்வான்னு சொல்லித்தான் என் வீட்ட இடிச்சாங்க. இடிச்சது என் கூடப் பொறந்த தம்பி. இது கால்வா இல்லேன்னா மொதல்ல என் வீட்டக் கட்டிக் குடு. கால்வாதான்னா, மண்ண அள்ளிட்டுப் போ."

கூட்டம் கூடிவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள். வேலையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியிருக்கிறார்களே தவிர, குழியை மூடவில்லை, தூணுக்கு நட்ட கம்பிகளை எடுக்கவில்லை. இன்று காலையும் அவை துருப்பிடித்தபடி அப்படியே நின்றன. இந்த மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. மோட்டாரைத் தூக்கி வைக்கச் சந்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது அக்காவின் சேலையெல்லாம் செம்மண். ஆற்றுப்பாலத்தின் மேல் வந்ததும், "அவன் செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி" என்றது. நான் தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமல், "இன்னைக்கி இருந்தான்னா, வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட்டுப் போடான்னு சொல்லிவிட்டிருப்பேன்" என்றது.

உன்னிடம் போய்ச் சொல்லச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்த சொல் அது, மாப்ள. அன்றிலிருந்து அதை வைத்துக்கொண்டு அலைகிறேன். உன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது.