போலகத்துக்கு வராத களம்

அண்ணே, இன்று காலை போலகம் சாலையோரம் மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் மழையில் காயாமல் கிடந்த குறுவை நெல். முளைவிட்ட புளிப்பு வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைவு வந்தது; உங்கள் மேல் கோபமும் வந்தது. போய்ச் சேர்ந்தவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலில் விவசாய அலுவலகத்தில் நான் எழுத்தர். ஊரில் உங்களுக்குப் பக்கத்து வயல்காரன். நெல் விளைவிப்பவர்களும் அதை வாங்கி அரைப்பவர்களும் சேர்ந்த வட்டாரக் கமிட்டிக்கு உறுப்பினர் பெயர்களை வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தை எங்கே கட்டுவது என்று அந்தக் கமிட்டிதான் முடிவு செய்யும். மில்காரர்கள் மறுநாளே கையெழுத்தும் முத்திரையுமாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நம் ஆட்களிடம்தான் நாய் படாத பாடு பட்டேன். தன் பெயரைத் தானே கொடுத்தால் பதவிக்கு அலைகிறான் என்று ஊர் பேசுமாம். ஒருவர் அடுத்தவரைக் கை காட்டினார், அவர் இன்னொருவரை. கடைசியில் எல்லாரும் உங்களைத்தான் காட்டினார்கள்.

நீங்கள் நாற்றங்காலில் நின்றீர்கள். விவரம் சொன்னேன்.

"எனக்கெதுக்கு தம்பி அதெல்லாம்? படிச்ச ஆளாப் பாத்துப் போடு" என்றுவிட்டு, குனிந்து நாற்றுப் பறிக்கத் தொடங்கினீர்கள்.

நம் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. அது எனக்குத் தெரியாதா? உங்கள் வீட்டிலேயே எத்தனை நாள் பசியில்லை என்று சொல்லிவிட்டு, அண்ணி இன்னொரு தரம் கூப்பிட்டதும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அன்று வெயில், அலைச்சல், மாலைக்குள் பட்டியல் வேண்டும் என்ற அதிகாரியின் நச்சரிப்பு. உங்கள் பெயருக்கு நேரே 'விருப்பமில்லை' என்று எழுதிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன்.

விவசாயிகளுக்கான இடத்தில் ஒரு மில்காரரின் மைத்துனர் உட்கார்ந்தார். பெயருக்கு அவருக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. களம் மில்லுக்குப் பின்னால் எழும்பியது. ஐப்பசி மழைக்கு நடுவே வண்டி கட்டிக்கொண்டு போனோம். "எங்க நெல்லு காஞ்சதும் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். உங்கள் குறுவை முழுக்க முளைத்துப் போய், மாட்டுக்குத்தான் ஆனது. நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றைக்குத்தான் மெதுவாகக் கேட்டீர்கள்.

"நீ இன்னொரு தரம் வந்து கேப்பேன்னு இருந்தேன் தம்பி. ஏன் வரல?"

"உங்க பேரத்தாண்ணே எழுதிக் குடுத்தேன். மேல மாத்திட்டாங்க."

யோசிக்காமல் வந்த பொய். நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். "விடு, அதுக்கு நீ என்ன பண்ணுவே" என்று என்னையே தேற்றினீர்கள்.

'சரி' என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் உங்களோடு மனதுக்குள் சண்டை போடுகிறேன். மேலே யாரும் எதையும் மாற்றவில்லை அண்ணே. உங்கள் பெயரை நான் கொடுக்கவே இல்லை. நீங்களோ கடைசிவரை, "நமக்காகப் பேரு எழுதிக் குடுத்த புள்ள" என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த நன்றியில் உங்கள் பிள்ளைகள் இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலியைத் தருகிறார்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.