ஒரே கையில் இரண்டு மனு

14-7-81, செவ்வாய்

காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. கணக்கு நோட்டு தீர்ந்துவிட்டது, புதிது வாங்கணும்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "பாப்பா, ஒரு மனு எழுதணும். உன் கையெழுத்துலதான் எழுதணும்." பக்கத்தில் அரியலூர்க்காரர் ஒருவர், மோதிரம் மூன்று. சாராயக்கடை ஏலம் எடுத்தவராம். ஏலம் எடுத்தால் மட்டும் போதாதாம். கடை வைக்கும் இடம் சரி என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுதினால்தான் லைசென்ஸ். இடம், நம் கடலைக் கொட்டகை. இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லை, கொட்டகையில் எலிதான் இருக்கிறது.

அரியலூர்க்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'அருகில் பள்ளிக்கூடமோ கோயிலோ இல்லை.' பேனா நின்றது. கொட்டகைக்குப் பின்னால் வேலியில் ஒரு சந்து. அது வழியாகத்தான் நான் தினமும் போகிறேன். பள்ளியின் பின்வாசலுக்கு 112 தப்படி. ஒன்பதாவது படிக்கும்போதே எண்ணி வைத்தது.

"ரோட்டு வழியா போனா தூரந்தானம்மா," என்றார் அவர்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "எழுதிக் குடுத்தா கை தேஞ்சா போவும்?"

எழுதினேன். மேலே என் வழக்கப்படி பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு, நடுவில் புள்ளி. அரியலூர்க்காரர், "முத்து முத்தா இருக்கு" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதவே வெட்கம்.

17-7-81, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ். தமிழ்ப் பரீட்சை 41/50.

எதிர்வீட்டுச் செல்லம்மா அக்கா நாலு பேரோடு வந்தாங்க. தெருவில் யாருக்குக் கடிதம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அக்கா தன் அண்ணனுக்கு மாதாமாதம் போடும் இன்லாண்டு கடிதத்தையும் நான்தான் எழுதுவேன்.

"கண்ணு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சாராயக்கடை வருதாம். யார் எடங்கொடுத்தான்னு தெரியல. வேணாம்னு ஒரு மனு எழுதிக் குடு. இது வரைக்கும் எங்க வூட்டுக்காரரு அரியலூர் சுண்ணாம்புக் குவாரியிலேருந்து சனிக்கிழமை பஸ்ஸுல எறங்கினா நேரா வூட்டுக்கு வராரு. வழியில கடை இருந்துச்சின்னா?"

"வழியில படுத்துக்குவாரு," என்றார் ஒரு அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். செ. அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் இடம் என்று சொல்ல வாய் வரவில்லை. நோட்டை எடுத்தேன். இதைத்தான் முதல் மனுவைவிட நன்றாக எழுதினேன். 'எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையோடு கடக்கும் வழி அது.' படித்துக் காட்டினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். செ. அக்கா, "எங்க வயித்தெரிச்சல அப்படியே எழுதிட்டியே."

பதினேழு கையெழுத்து, ஆறு பெருவிரல் ரேகை. அம்மாவிடம் நீட்டினார்கள். "கை மாவா இருக்கு, அப்புறம் போடுறேன்," என்றார் அம்மா. அப்புறம் போடவில்லை.

20-7-81, திங்கள்

பஞ்சாயத்து போர்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வியாழன் காலை 10, இட விசாரணை.

அப்பாவிடம் சொல்லலாமா? செ. அக்காவிடம்? இருவரிடமும் சொல்லவில்லை.

23-7-81, வியாழன்

பள்ளிக்கு மட்டம். இதை ஒழுங்காக எழுதிவிடவேண்டும்.

கொட்டகை முன்னால் ஸ்டூல் போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அப்பாவும் அரியலூர்க்காரரும். இன்னொரு பக்கம் பெண்கள். இடம் எங்களுடையது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வேலி ஓரம்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் தொடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் இல்லேங்குறதும் இதே கையி. பள்ளிக்கூடம் இருக்குங்குறதும் இதே கையி. பிள்ளையார் சுழிகூட ஒண்ணுதான். எழுதுனது யாரு?"

செ. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்பா தரையைப் பார்த்தார்.

"நாந்தாங்க சார்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"எது நெசம்?"

என் வாயில் 112 இருந்தது. வரவில்லை. "சரி, தினம் போறவதானே. பின்வாசல் வரைக்கும் நடந்து காட்டு," என்றார்.

நடந்தேன். அப்பாவுக்காகச் சின்னச் சின்னதாகக் கால் வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான். 158 என்றேன்.

"பொண்ணு என்ன மணவறைக்கா போவுது?" என்றார் அந்த அத்தை. சிரிப்பு. இந்தத் தடவை செ. அக்காவும் சிரித்தாங்க, ஆனால் அது வேறு சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்தார். ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார். அளந்ததும், "பள்ளிக்கூடத்துக்கு ரொம்பக் கிட்ட. இந்த எடம் ஆவாது," என்று எழுதிக்கொண்டார். அரியலூர்க்காரர் அப்பாவிடம் ஏதும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனார்.

24-7-81, வெள்ளி

அப்பா திட்டவில்லை. திட்டினால் பரவாயில்லை. சாப்பிடும்போது, "உப்பு எடு" என்று மட்டும்.

செ. அக்காவிடம் போய், "தெரியாம எழுதிட்டேன் அக்கா" என்றேன்.

"தெரிஞ்சிதான கண்ணு எழுதுன," என்றாங்க. கோபமாகச் சொல்லவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாங்க.

26-7-81, ஞாயிறு

லேசான தூறல், நின்றுவிட்டது. பூகோளம் இரண்டு பாடம் படித்தேன்.

செ. அக்கா கையில் நீல இன்லாண்டு. எங்கள் வாசலைத் தாண்டித் தபால்காரர் வீட்டுப் பக்கம் போனாங்க.

மேஜைமேல் அப்பாவின் புது மனு. சாராயக்கடைக்கு இந்தத் தடவை பஸ் நிற்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் கொட்டகை. தாலுகா ஆபீஸ் வாசலில் யாரிடமோ எழுதி வாங்கியிருக்கிறார். வரிகள் கோணல். மேலே சுழி இல்லை.